லைன் கிளியர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)

 

"என்னப்பா தலைப்பு?" என்று செயலாளர் அண்ணன் கேட்டார். "லைன்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். பயப்பட வேண்டாம், அவர் நினைத்த லைனும் வரும். ஆனால் பேச்சு அதோடு நிற்காது.

தாம்பரத்தில் ஒருவர் காலையில் எழுந்து ராத்திரி படுப்பதற்குள் இந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகப் புழங்குகிறார், பாருங்கள். ரேஷன் கடையில் "லைன்ல வாங்க" என்றால் வரிசை. போனில் "லைன்லயே இருங்க" என்றால் இணைப்பு. "லைன்மேன் வந்தாரா?" என்றால் மின்கம்பி. பெண் வீட்டில் "மாப்பிள்ளை என்ன லைன்ல இருக்கார்?" என்றால் தொழில். மளிகைக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவர் "இன்னிக்கு மேடவாக்கம் லைன்" என்பார். அது அவர் சுற்றி வரும் தடம். ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் குடித்தனங்கள் "லைன் வீடு". இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அதே சொல் "லயம்" என்று தமிழாகவே ஆகிவிட்டது. காலேஜ் வாசலில் "லைன் அடிக்கிறான்" என்றால் விளக்கம் தேவையில்லை. அது ஆங்கில மொழிக்கு நாம் கொடுத்த சீதனம்!

இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் "லீனும்" என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் "லீனியா". லினன் துணியும் அந்தக் குடும்பம்தான். நேராக வேலை செய்ய நூலைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். பிறகு நேராக இருப்பதெல்லாம் லைன் ஆனது. நம் பெருங்களத்தூர் கொத்தனார் சுவர் எழுப்பும்போது கட்டுவதும் நூல்தானே? "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு" என்று நாமும் சொல்கிறோமே!

தமிழில் கோடு, வரி, வரிசை, கம்பி, தடம், இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது. பேச்சில் மட்டும் எல்லாவற்றுக்கும் லைன். அதனால் குடி ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ரேஷன் கடை வரிசையைச் சரி பண்ண யாரும் லைன்மேனைக் கூப்பிடுவதில்லை.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நான் பன்னிரண்டு வருஷமாக மின் கட்டுமான வேலையில் இருக்கிறேன். என் பேட்ச் நண்பர் ஒருவர் ரயில்வேயில் இருக்கிறார். ஒரு நாள் டீக்கடையில் "லைன் கிளியர்" பற்றிப் பேச்சு வந்தது. "லைன் கிளியர்னா வண்டி வரலாம்னு அர்த்தம்" என்றார் அவர். "எங்க வேலையில ஆள் ஏறலாம்னு அர்த்தம்" என்றேன் நான். இரண்டு பேர் சொன்னதும் சரி.

ரயில்வேயில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் கேட்பார். அது கிடைத்தால் நடுவில் தடம் காலி, வண்டியை அனுப்பலாம். மின்சாரத்தில் லைன் கிளியர், அதாவது எல்.சி., கொடுத்துவிட்டால் கம்பியில் கரண்ட் நிறுத்தியாகிவிட்டது, ஆள் வேலை செய்கிறார், கரண்டை அனுப்பவே கூடாது. அங்கே "அனுப்பு", இங்கே "அனுப்பாதே". ஒரே சொல், நேர் எதிர்ப் பொருள்!

இந்த இரண்டு உலகமும் சந்திப்பது நம் வாசலில்தான். பீச் – தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. அப்போது மீட்டர் கேஜ், 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1960-களில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாறியது. 2004-ல் மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் விடை பெற்றது. கீழே ஒரு லைன், மேலே ஒரு லைன். மேலே பழுது பார்க்க வேண்டுமென்றால் ரயில்வேக்காரர்கள் வெறுமனே "கிளியர்" என்று சொல்வதில்லை. வண்டியை நிறுத்துவதற்கு "டிராஃபிக் பிளாக்", கரண்டை நிறுத்துவதற்கு "பவர் பிளாக்" என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். குழப்பத்துக்கு இடமே இல்லை. நல்ல இன்ஜினீயரிங் என்றால் இதுவும்தான்.

எங்கள் வேலையில் எல்.சி. ஒருவர் பெயரில்தான் கொடுக்கப்படும். அவரேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுவிட்சைத் திறந்து, பூட்டுப் போட்டு, கம்பியைச் சோதித்து, எர்த் ராடு மாட்டின பிறகுதான் கை வைக்கணும். ஏன் இத்தனை? 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது கம்பங்கள் சாய்ந்து நம் பக்கம் பல நாள் இருட்டு. வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஓடியது. சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் கொடுத்தால், அந்தக் கரண்ட் பின்பக்கமாகத் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் ஏறினால் ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகிவிடும். சப்-ஸ்டேஷனில் "கிளியர்" என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் கம்பத்தின் மேலே இருக்கிறவர் உயிர் நம் மாடிப்படிக்குக் கீழே ஓடும் ஜெனரேட்டரிடம் மாட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போனதும் அந்த சுவிட்ச் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் மூத்த லைன்மேன் ஒருவர், எட்டாவது வரை படித்தவர். "எல்.சி. கிடைச்சிடுச்சு அண்ணே" என்று போனில் சொன்னால் ஏற மாட்டார். "எந்த ஃபீடர் சார்? எங்கிருந்து எது வரைக்கும்? யார் பேர்ல?" என்று கேட்பார். தெரிந்தாலும் கேட்பார். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்பார்.

தம்பி தங்கைகளே, வேலைக்குப் போன முதல் நாள் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான் காதில் விழும். அந்த இடத்தில் அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம். "இது கூடத் தெரியாதா?" என்று சிரிப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். கேளுங்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்துப் பேச இருக்கும் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருக்கு லைன் கிளியர் கொடுக்கிறேன், ரயில்வே அர்த்தத்தில்!