வலிப்பு நோயர் நலச் சங்கமும் மருத்துவ வல்லுநரும்

(வலிப்பு நோயுற்றோர் நலனுக்காகப் பெற்றோர் நடத்தும் சங்கம் ஒன்றின் ஆலோசனைக் குழுவில் மருத்துவ வல்லுநர்கள் இணைந்த நாளன்று, நம் அறக்கட்டளை மண்டபத்தில் ஆற்றிய உரை)



மருத்துவம் அறியாத தமிழாசிரியன் ஒருவனை இந்த மேடையில் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று செயலாளரைக் கேட்டேன். “நீங்கள் வலிப்பை நேரில் பார்த்தவர்தானே, அதைச் சொல்லுங்கள்” என்றார். பார்த்தவன்தான். பார்த்த அன்று நான் செய்தது பிழை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வரிசையில் நின்றவாறே வெட்டுண்ட மரம்போல் சாய்ந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளிற்று. நான் ஓடிச்சென்று என் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மடக்கி இறுகப் பிடித்துக்கொண்டேன். நால்வர் கால்களை அழுத்தினர். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றினார். இரண்டு நிமிடத்தில் இழுப்பு நின்றது. இரும்பு வேலை செய்தது என்று நம்பினேன். முதுகலைப் பட்டம் பெற்ற நான் நம்பினேன். பெரும்பாலான வலிப்பு இரண்டொரு நிமிடத்தில் தானாகவே நிற்கும் என்பதும், நாங்கள் ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால் அதுவே அவனுக்குப் பெருந்தீங்காய் முடிந்திருக்கும் என்பதும் அன்று எனக்குத் தெரியா. மறுவாரம் அவன் தந்தையை அழைத்து, மற்றப் பிள்ளைகள் அஞ்சுகின்றனர் என்று சொன்னோம். சொன்னவர்களுள் நானும் ஒருவன். அவர் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பையனைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். செய்யுளைப் பிழையின்றி ஒப்பிக்கும் பையன் அவன். பிறகு படித்தானா என்று நான் விசாரிக்கவே இல்லை.

மொழி ஆசிரியன் என்பதால் ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். காக்காய் வலிப்பு என்று வழங்குகிறோமே, அதற்கும் காக்கைக்கும் தொடர்பில்லை. கால் கை வலிப்பு என்பதே பேச்சில் அவ்வாறு மருவிற்று என்பர். சொல் மருவியதோடு நிற்கவில்லை. பறவையைச் சுற்றி நம்பிக்கைகளும் முளைத்தன. மூளையின் நரம்பணுக்களில் மின்துடிப்பு சிறிது நேரம் ஒழுங்கு தவறிப் பொங்குவதே வலிப்பு. அது தொற்றாது, சாபமும் அன்று. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், தக்க மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் நூற்றுக்கு எழுபதுபேர் வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பெற்றோர் தொடங்கிய சங்கத்திற்கு மருத்துவர் எதற்கு? அன்பு போதாதா? இந்த வினாவை எண்ணும்போது அமெரிக்கத் தந்தை ஒருவர் என் நினைவுக்கு வருகிறார். ஜிம் ஆப்ரஹாம்ஸ் என்பது அவர் பெயர். நகைச்சுவைத் திரைப்படங்கள் எடுத்துப் புகழ்பெற்றவர். 1993இல் அவருடைய ஒரு வயதுக் குழந்தை சார்லிக்கு வலிப்பு வந்தது. மருந்துகள் மாறின, மூளையில் அறுவையும் நடந்தது, வலிப்பு நிற்கவில்லை. தந்தை நூலகத்தில் தாமே தேடிப் படித்தபோது, கீட்டோஜெனிக் உணவுமுறை என்ற ஒன்றைக் கண்டார். மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகக் கூட்டி, ஒவ்வொரு கிராமும் எடைபோட்டுக் கொடுக்கும் உணவு அது. பட்டினி கிடந்தால் சிலருக்கு வலிப்பு குறைவதைக் கண்ட மருத்துவர்கள், பட்டினியின் விளைவை உணவாலேயே உண்டாக்க முடியுமா என்று ஆராய்ந்ததில் பிறந்தது. மேயோ மருத்துவமனையின் ரஸல் வைல்டர் 1921இல் அதற்குப் பெயரிட்டார். 1938இல் பெனிடாயின் மருந்து வந்ததும், விழுங்குவதற்கு எளிய மாத்திரை இருக்க எடைபோடும் உணவு எதற்கு என்று பலரும் அதைக் கைவிட்டனர். பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் ஜான் ஃப்ரீமனும் மில்லிசென்ட் கெல்லி என்னும் உணவியல் வல்லுநரும் அதை அணையாமல் காத்து வந்தனர். சார்லியை அங்கே கொண்டுசென்றனர். சில நாட்களில் வலிப்பு நின்றது. ஐந்தாண்டுகள் அவ்வுணவில் இருந்தான். அதை விட்ட பின்னரும் வலிப்பு திரும்பவில்லை.

ஆப்ரஹாம்ஸ் 1994இல் சார்லி அறக்கட்டளையைத் தொடங்கினார். 1997இல் மெரில் ஸ்ட்ரீப் நடிக்கத் தொலைக்காட்சிப் படமும் எடுத்தார். இந்த இடத்தில்தான், அவையோரே, ஒரு தொண்டு நிறுவனம் வழுக்கி விழக்கூடிய படி இருக்கிறது. என் பிள்ளை பிழைத்தான். ஆகவே எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பர் என்று தந்தையின் நெஞ்சு சொல்லும். அவ்வாறு சொல்வது பொய்யன்று. ஆனால் உண்மையும் அன்று. ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 150 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓராண்டுக்குப் பின் வலிப்பு அறவே நின்றது நூற்றுக்கு எழுவருக்கே. ஏறக்குறைய பாதிப்பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. 2008இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், உணவுமுறையைத் தொடங்கிய குழந்தைகளுள் நூற்றுக்கு 38 பேருக்கும், தொடங்காமல் காத்திருந்தோருள் 6 பேருக்கும் மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மருந்துக்கு அடங்காத குழந்தைகளிடத்தில் இது பெரிய பயன். ஆயினும் படத்தைப் பார்த்துவிட்டு ஓடிவரும் தாய் எதிர்பார்ப்பது இந்த எண்களை அன்று.

சார்லி அறக்கட்டளையை நான் மதிப்பது அதன் அடுத்த செயலுக்காக. 2006 டிசம்பரில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 26 குழந்தை நரம்பியல் மருத்துவரையும் உணவியல் வல்லுநரையும் அது கூட்டி, இவ்வுணவை யாருக்கு, எப்போது, எவ்வாறு கொடுப்பது என்று எழுதித் தருமாறு கேட்டது. 2009இல் அந்த அறிக்கை வெளிவந்தது. கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் திறன் பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று அதில் இருக்கிறது. சிறுநீரகக் கல் உண்டாகலாம், வளர்ச்சி குன்றலாம் என்று இருக்கிறது. பட்டினியோடுதான் தொடங்க வேண்டும் என்ற பழைய வழக்கம் இன்றியமையாதது அன்று என்றும் இருக்கிறது. தன் பிள்ளையைக் காத்த உணவைப் பற்றி, ‘எல்லார்க்கும் அன்று’ என்று எழுதும் உரிமையைப் பெற்றோர் நடத்தும் அமைப்பே மருத்துவர்க்கு அளித்தது. ஆலோசனைக் குழு என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுவே. கடிதத் தாளின் ஓரத்தில் பட்டங்களோடு பெயரை அச்சிட்டுவிட்டு, ஆண்டுக்கொரு முறை பொன்னாடை போர்த்துவதற்குக் குழு வேண்டா. நம் துண்டறிக்கையில் ஒரு வரி தவறென்றால் அதை அடிக்கும் பேனா அவர்கள் கையில் இருக்கவேண்டும்.

மருத்துவர் அறியாததையும் சங்கத்தார் அறிவர். நம் நாட்டின் கதை ஒன்று அதற்குச் சான்று. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் சமணராகிய நமக்கும் உரியது. அதில் 1976இல் செய்த திருத்தம், அடிக்கடி வலிப்பு வருபவரையும் மணத்திற்குத் தகுதியற்றோர் வரிசையில், மனநோயருக்கு அருகில் சேர்த்தது. அவ்வாறு நடந்த திருமணத்தைச் செல்லாதது என ஆக்க நீதிமன்றத்தில் வழக்கிடலாம். இந்திய எபிலெப்சி சங்கமும் அதனோடு நின்ற நரம்பியல் மருத்துவர்களும் இதை எதிர்த்து முயன்றனர். 1999இல் அச்சொல் சட்டத்திலிருந்து நீங்கியது. திருமணம் என்பது மருத்துவ நூலில் இல்லாத பக்கம்; குடும்பங்கள் சொல்லித்தான் அது தெரியவரும். அறிவியல் சான்றோ மருத்துவர் சொல்லித்தான் சட்டசபை ஏறும். ஆயினும் சட்டம் மாறியது தெரியாமல் பெண்ணின் நோயை மறைத்து மணம்முடித்து, புகுந்த வீட்டில் மாத்திரை விழுங்க இடமின்றி அவள் நிறுத்திவிடுவதை இன்றும் கேள்விப்படுகிறோம். திடீரென மருந்தை நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதேபோல் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு கேள்வி. இரவு உண்ணா நோன்புடைய இல்லங்களில், இரவு எட்டு மணி மாத்திரையை என்ன செய்வது? சூரியன் மறையுமுன் விழுங்கலாமா? காலை வேளைக்கும் மாலை வேளைக்கும் இடைவெளி சரியாகுமா? தசலட்சண நாட்களில் உபவாசம் இருக்கும் பிள்ளை மாத்திரையை விடலாமா? பட்டினி வலிப்பைக் குறைக்கும் என்று சற்றுமுன் நான் சொன்னதைக் கேட்டு, யாரேனும் மருந்தை விட்டு நோன்பிருந்துவிடக் கூடாது. நான் சொன்னது மருத்துவர் கண்காணிப்பில் நூறாண்டு கண்ட வேறொரு முறையை. இந்தக் கேள்விகளை மருத்துவமனையில் கேட்க நம் தாய்மார் கூசுகின்றனர். கேட்டால் நோன்பைக் கைவிடச் சொல்வார்களோ என்ற அச்சம். மருத்துவரோ, கேளாத கேள்விக்கு விடை சொல்வதெப்படி?

ஆதலால் குழுவில் இணைந்த பெருமக்களிடம் என் விண்ணப்பம் இது. இரவு மாத்திரை பற்றிய விடையை முதலில் தாருங்கள். அடுத்து, பள்ளி ஆசிரியர்க்கு ஒரு பக்கம்: பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தல், தலைக்கடியில் மடித்த துணி, வாயில் எதையும் திணியாமை, கை கால்களை அழுத்தாமை, ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரைதல். நீங்கள் எந்த மொழியில் எழுதித் தந்தாலும், எளிய தமிழில் பெயர்த்து உங்களிடமே மீண்டும் காட்டி, அச்சுப்பிழை பார்த்துத் தரும் பொறுப்பு என்னுடையது. முதற்படியை நான் முன்பு பணியாற்றிய பள்ளிக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்க விரும்புகிறேன்.