மூக்கில் ஒப்பரேசன் செய்தால் தும்மல் நிற்குமா?

(வாவிக்கரைத் தோட்டக் கிளைகளின் மாதக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



போன மாதம் படுவான்கரைப் பக்கத்துத் தும்பு ஆலையில் வேலை செய்யும் ஓர் அக்கா என்னைத் தேடி வந்தார். காதுத் தோட்டைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டீச்சர், மூக்கில ஒப்பரேசன் செய்தா இந்தத் தும்மலும் மண்டைக்குத்தும் இல்லாமப் போகுமா? போகுமெண்டா இதை அடகு வைக்கலாமெண்டு நினைக்கிறன்."

அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. இங்கே இருப்பவர்களில் பலருக்குக் காலையில் எழும்பினால் பத்துத் தும்மல், மூக்கடைப்பு, கன்னத்தில் பாரம். எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: பீனிசம். நான் வைத்தியர் இல்லை. வாசித்ததையும், விபரம் தெரிந்தவர்களிடம் கேட்டதையும், என் வீட்டில் கண்டதையும் சொல்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பரேசன் அடைபட்ட வழியைத் திறக்கும். ஒவ்வாமையை எடுக்காது.

ஏன் என்று பார்ப்போம். மூக்கைச் சுற்றி, நெற்றியிலும் கன்னத்திலும் கண்களுக்கு இடையிலும் அதற்குப் பின்னாலும், எலும்புக்குள்ளே காற்றறைகள் இருக்கின்றன. மொத்தம் நான்கு சோடி. அவற்றில் ஊறும் சளி சின்னத் துவாரங்களால் மூக்குக்குள் வடிய வேண்டும். துவாரம் அடைபட்டால் சளி தேங்கும், கிருமி பெருகும், முகம் வலிக்கும். இப்படி 12 கிழமைக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட பீனிசம் என்பார்கள்.

ஒவ்வாமை வேறு. அது உடம்பின் காவற்காரன் ஆள் தெரியாமல் அடிக்கிற அடி. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி, பூஞ்சணம், பூந்தாது போன்றவற்றை எதிரி என்று எண்ணி உடம்பு சண்டை பிடிக்கிறது. அதனால்தான் தும்மல், மூக்கரிப்பு, தண்ணீராய் ஓடும் சளி, கண் கடி. இந்தக் கோளாறு இரத்தத்தில் ஓடுகிறது. மூக்குக்குள் இருக்கும் எந்தத் துண்டை வெட்டினாலும் அது போகாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. தும்புத்தூள், நெல் ஆலை உமி, கசுக்கொட்டை சுடும் புகை. இவை ஒவ்வாமை இல்லாதவரின் மூக்கையும் எரிக்கும். இதற்குக் கத்தியும் மருந்தல்ல, குளிசையும் முழு மருந்தல்ல.

அப்படியென்றால் ஒப்பரேசன் யாருக்கு? மூக்கின் நடுச்சுவர் நன்றாக வளைந்து ஒரு பக்கம் அடைத்திருப்பவருக்கு அதை நேராக்கலாம். மூக்கின் பக்கத் தசை வீங்கி, மருந்துக்கும் வற்றாவிட்டால் அதைச் சுருக்கலாம். மூக்குக்குள் திராட்சைபோலச் சதை வளர்ந்தவருக்கு அதை எடுக்கலாம். மருந்து ஒழுங்காக எடுத்தும் நாட்பட்ட பீனிசம் மாறாதவருக்குக் காற்றறைத் துவாரங்களை அகலமாக்கலாம். முந்திய காலத்தில் மேலுதட்டுக்கு உள்ளே வெட்டிக் கன்ன எலும்பைத் திறந்தார்கள். ஒஸ்திரிய வைத்தியர் மெசர்கிளிங்கர் மெல்லிய குழாய்க் கமராவால் மூக்கின் உட்புறத்தை ஆராய்ந்து வழிகாட்டினார். 1985 அளவில் அமெரிக்காவில் கென்னடி என்ற வைத்தியர் அந்த முறையைப் பரப்பினார். இப்போது முகத்தில் தழும்பே இல்லாமல் மூக்குத் துவாரம் வழியாகவே செய்கிறார்கள். கண்ணும் மூளையும் பக்கத்தில் இருப்பதால் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது அரிது.

என் அண்ணாவுக்கு மூக்கில் சதை வளர்ந்திருந்தது. மீன்குழம்பு மணம்கூடத் தெரியாமல் வருசக்கணக்காக இருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்தார்கள். மணம் திரும்பி வந்தது. "இனி சுகம்தானே" என்று ஸ்பிறேயையும் உப்புத்தண்ணீர்க் கழுவலையும் விட்டார். இரண்டு வருசத்தில் சதை மறுபடி வளர்ந்தது. ஒப்பரேசன் தோற்கவில்லை. அதற்குப் பிறகும் மருந்து வேண்டும் என்பதை நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லை.

ஆகவே கத்திக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதைக் கேளுங்கள்.

மூக்கு ஸ்பிறே: வைத்தியர் தரும் ஸ்டீரொயிட் ஸ்பிறே அன்றைக்கே வேலை செய்யாது. தினமும் அடித்தால் முழுப்பலன் தெரிய இரண்டு கிழமை வரை செல்லலாம். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள். நடுச்சுவரில் படக்கூடாது. பட்டால் இரத்தம் வரும்.

பாமசியில் வாங்கும் அடைப்புத் திறக்கும் சொட்டுமருந்து வேறு. அது ஐந்து நிமிசத்தில் மூக்கைத் திறக்கும். ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே மூக்கை அடைக்கும். மாதக்கணக்காக அதைப் போட்டுவிட்டு "எனக்கு ஒப்பரேசன்தான் வழி" என்று நினைப்பவர்கள் உண்டு.

பிரிட்டோன் என்று நாம் சொல்லும் சின்ன மஞ்சள் குளிசை தும்மலைக் குறைக்கும், கூடவே நித்திரையும் தரும். தேங்காய் பறிக்க மரம் ஏறும் தம்பிமாரே, அதைப் போட்டுக்கொண்டு மரத்தில் கால் வைக்க வேண்டாம். மெசினில் மட்டை கொடுப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான். நித்திரை குறைந்த குளிசைகள் உண்டு. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லிக் கேளுங்கள்.

உப்புத்தண்ணீரால் மூக்குக் கழுவுவது நல்லது. அரை லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. ஆனால் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரையோ குளத்துத் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடாதீர்கள். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்குக் கழுவிய இருவர் மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தார்கள். கேரளாவிலும் 2024இல் அந்த நோயால் பிள்ளைகள் இறந்தார்கள்.

வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணைகளை அடிக்கடி நல்ல வெயிலில் போடுங்கள். உறைகளைச் சுடுதண்ணீரில் தோயுங்கள்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரே பக்க மூக்கில் அடைப்பும் இரத்தமும் தொடர்ந்தால் உடனே காட்டுங்கள். கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு பக்கம் மட்டும் நாற்றச் சளி வந்தால் மேல்பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். சொத்தைப் பல்லும் பீனிசம் தரும்.

இப்போது தோட்டின் கதைக்கு வருவோம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது மூக்குத் தொண்டைப் பிரிவு இருக்கிறது. அங்கே பரிசோதனைக்கும் ஒப்பரேசனுக்கும் காசு இல்லை. காத்திருக்க வேண்டிவரும், சில மருந்தை வெளியில் வாங்கவும் சொல்லலாம். அது வேறு. பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு போங்கள். யார் ஒப்பரேசன் என்று சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு எது அடைத்திருக்கிறது? மருந்து முழுதாக எடுத்துப் பார்த்தாயிற்றா? செய்த பிறகு எது மாறும், எது மாறாது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும் முன்னால் அடகுக்கடைக்கோ நுண்கடன்காரரிடமோ போக வேண்டாம்.

கடைசியாக, சங்கத்தின் வேலை. மூக்கும் மார்பும் ஒரே பாதை. நமது நாட்டு மார்புநோய் வைத்தியர் சி. ஜி. உரகொட தேயிலைத் தூசுக்குள் வேலை செய்தவர்களை ஆராய்ந்து, அவர்களின் மார்புநோய் பற்றி 1980இல் எழுதினார். தூசு தொழிலாளியின் தலைவிதி அல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், வேலைத்தலத்துத் தூசையும் புகையையும் அகற்றும் பொறுப்பை ஆலை நடத்துபவர் மீது வைத்திருக்கிறது. ஆகவே நமது கோரிக்கைகள் இவை: தூசு இழுக்கும் விசிறி பொருத்த வேண்டும். தூளை நனைத்துக் கூட்ட வேண்டும். துணித்துண்டு அல்ல, தூசு தடுக்கும் முகக்கவசம் தர வேண்டும். கிளினிக் நாளில் சம்பளம் வெட்டக்கூடாது. தராவிட்டால் தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் முறையிடுவோம். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.

அந்த அக்கா கிளினிக்குக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஒவ்வாமையால் தசை வீங்கியிருக்கிறது, இப்போது ஒப்பரேசன் தேவையில்லை, இரண்டு மாதம் ஸ்பிறே அடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். இப்போது இரவில் மூக்கால் மூச்சு விட்டு நித்திரை கொள்கிறார். ஆனால் காலையில் ஆலைக்குள் கால் வைத்ததும் தும்மல் தொடங்குகிறது. தன் மருந்தை அவர் தவறாமல் எடுக்கிறார். ஆலைத் தூசுக்கு அவர் தனியே என்ன செய்ய முடியும்? அது நாம் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது. போகும்போது போட்டுவிட்டுப் போங்கள்.