பொருத்து நெகிழ்ந்தால்



உணவுக் குழாயிற் புற்றுநோய் கண்டவிடத்து, நோயுற்ற பகுதியை வெட்டி அகற்றுவது சத்திர வைத்தியரின் பணியில் முற்பாதியே. இரைப்பையை ஒடுங்கிய குழாயாக அமைத்து, மார்புக்குள்ளோ கழுத்துவரையோ உயர்த்தி, எஞ்சிய உணவுக் குழாயோடு பொருத்தித் தைப்பது பிற்பாதி. பேராபத்து அந்தப் பொருத்திலேதான் பதுங்கியிருக்கிறது.

குடலைப் போர்த்திருக்கும் வெளிப்படலம் உணவுக் குழாய்க்கு இல்லை. ஆகவே தையல் எளிதில் அறுக்கும். உயர்த்தப்பட்ட இரைப்பையின் நுனிக்கு இரத்தவோட்டமும் குறைவு. பொருத்து நெகிழ்ந்தால், உமிழ்நீரும் கிருமிகளும் மார்புக்குள் கசிந்து உயிருக்கே உலை வைக்கும்.

1913ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் பிரான்ஸ் ரொரெக் என்னும் சத்திர வைத்தியர், 67 வயது மாதொருவரின் உணவுக் குழாயை மார்பைத் திறந்து அகற்றினார். பொருத்தின் ஆபத்துக்கு அஞ்சிய அவர், எதையும் உள்ளே பொருத்தவில்லை. உணவுக் குழாயின் மேல்முனையைக் கழுத்துப்புறத்தே வெளிக்கொணர்ந்து, அங்கிருந்து வயிற்றிலிட்ட துவாரத்துக்கு உடலின் வெளிப்புறமாக இறப்பர்க் குழாயொன்றை அமைத்தார். அம்மாது அதன் வழியாகவே உணவு கொண்டு, பின்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பின்வந்தோர் உள்ளே பொருத்தும் வித்தையைக் கைவரச் செய்தனர். 1946இல் ஐவர் லூவிஸ் விவரித்த முறை இன்றும் வழக்கிலுள்ளது. எனினும் பொருத்து நெகிழும் அபாயம் முற்றாக நீங்கவில்லை.

காய்ச்சல், நாடியின் விரைவு, மூச்சுத் திணறல் ஆகியன அதன் அறிகுறிகள். கழுத்திற் சிறு கசிவாயின், புண்ணைத் திறந்து நீரை வெளியேற்றிச் சிறுகுடல் வழியே ஊட்டமளித்தால், பெரும்பாலும் தானே ஆறிவிடும். மார்பினுள்ளாயின், வடிகுழாய், கிருமிகொல்லி மருந்துகள், கசிவை உள்ளிருந்து மூடும் வலைக்குழாய், சீழை உறிஞ்சும் பஞ்சு ஆகியன துணைசெய்யும்.

ஆயின் உயர்த்திய இரைப்பையே அழுகிப்போனால் இவை போதா. தாமதியாது மார்பை மீண்டும் திறந்து, அழுகியதை அகற்றி, நல்ல பகுதியை வயிற்றுக்குத் திருப்பி, உணவுக் குழாயின் முனையைக் கழுத்திலே வெளிக்கொணர வேண்டும். பல மாதங்களின் பின், உடல் தேறியதும், பெருங்குடலின் ஒரு பகுதியைக் கொண்டு புதுவழி சமைக்கலாம்.

இது பெரும்பாலும் ரொரெக் சென்ற வழியே அன்றோ! அரும்பாடுபட்டு இணைத்ததைத் தம் கையாலேயே பிரிப்பது எந்த வைத்தியருக்கும் மனக்கசப்பான செயல். ஆயினும் அது தோல்வியன்று. பொருத்தைக் காக்க முயன்று பொழுதை இழப்பதிலும், பொருத்தை இழந்து உயிரைக் காப்பதே மேலான மருத்துவம்.