எடை குறைந்த கான்கிரீட்: 28 நாள் பலம் மட்டும் போதுமா?



செம்பனை ஆலைகளில் மலைபோல் குவியும் பருப்பு ஓடுகளில் ஒரு பகுதி கொதிகலனில் எரிகிறது. அந்த ஓட்டைக் கருங்கல் ஜல்லிக்குப் பதிலாகக் கலந்து கான்கிரீட் செய்ய முடியுமா என்று மலேசிய ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே சோதித்து வருகிறார்கள். மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் இதைக்கொண்டு ஒரு சிறு வீடும் நடைபாலமும் கட்டிக் காட்டினார்கள். சாதாரண கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ எடை. ஓட்டுக் கான்கிரீட் 2,000 கிலோவுக்கும் குறைவு. எடை குறைந்தால் தூணும் அடித்தளமும் சிறியதாகும், செலவும் மிச்சமாகும்.

ஆனால், 28ஆம் நாள் பலச் சோதனையில் தேறியதும் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. அதன் பிறகும் இரண்டு மாற்றங்கள் தொடர்கின்றன.

முதலாவது, சுருக்கம். ஈரம் காயும்போது சிமெண்டுப் பசை சுருங்குகிறது. கெட்டியான கருங்கல் அதைத் தடுத்து நிறுத்தும். ஓடு அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. ஊறிய ஓடு தன்னிடமுள்ள நீரை மெதுவாக விடுவதால் சுருக்கம் தாமதமாகவே தெரியும். குடிவந்த பிறகுகூட விரிசல் விடலாம்.

இரண்டாவது, ஊர்வு. கனமான புத்தகங்களை அடுக்கிய அலமாரிப் பலகை நாளடைவில் தொய்ந்துவிடுகிறது அல்லவா? சுமை கூடாமலே ஆண்டுக்கணக்கில் வளரும் இந்தத் தொய்வு கான்கிரீட்டிலும் உண்டு. ஓட்டுக் கான்கிரீட்டுக்கு விறைப்பும் குறைவு என்பதால் கவனம் இன்னும் தேவை.

ஊர்வைக் குறைத்து மதிப்பிட்டால் என்ன ஆகும் என்பதைப் பசிபிக் நாடான பலாவில் பார்க்கலாம். அங்கு 1977இல் கட்டி முடித்த 241 மீட்டர் இடைவெளிப் பாலம் சாதாரண கான்கிரீட்டால் ஆனதுதான். அதன் நடுப்பகுதி ஒரு மீட்டருக்கும் மேல் தொய்ந்தது. பழுதுபார்த்த சில மாதங்களில், 1996 செப்டம்பர் 26இல், அது இடிந்து இருவர் மாண்டனர். இடிந்த காரணம் பற்றி நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொய்வு எதிர்பார்ப்பை மீறியது என்பதில் இல்லை.

அதற்காக எடை குறைந்த கான்கிரீட்டை ஒதுக்க வேண்டியதில்லை. 1998இல் நார்வேயில் கட்டிய ஸ்டோல்மா பாலத்தின் நடு இடைவெளி 301 மீட்டர். அதில் 184 மீட்டர் எடை குறைந்த கான்கிரீட்தான்.

ஆகவே, ஓட்டுக் கான்கிரீட்டில் கட்ட நினைப்பவர்கள் குத்தகையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும். ஓட்டை முன்கூட்டியே ஊறவைத்தார்களா? கான்கிரீட் போட்ட பின் எத்தனை நாள் ஈரம் காத்தார்கள்? பல ஆண்டுகளுக்குப் பின் உத்தரம் எவ்வளவு தொய்யும் என்று பொறியாளர் கணக்கிட்டாரா? மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.