கேமரன் மலையில் காசு கேட்காத இன்பங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது, "இந்த முறையாவது எங்கேயாவது அழைத்துப் போங்களேன்" என்று பிள்ளைகள் கேட்பது எல்லா வீடுகளிலும் உள்ளதுதான். பிள்ளைகளின் ஆசையில் குற்றமில்லை. பெற்றோரின் கவலையிலும் குற்றமில்லை. ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் சுற்றுலா சென்றால், போகும் இடமெல்லாம் ஐந்து நுழைவுச் சீட்டு, ஐந்து பேருக்குச் சாப்பாடு, ஐந்து விளையாட்டுப் பொருள் என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று அறிந்தவர்கள், "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டும் அதே பதில்தான். பிள்ளைகளோ அதற்குள் வளர்ந்துவிடுகிறார்கள்.

ஆகவே, அதிகச் செலவில்லாமல் குடும்பத்தோடு கேமரன் மலைக்குச் சென்று வருவது எப்படி என்பதை இன்று நாம் சிந்திப்போம். அந்த மலையில் கட்டணம் வாங்கும் பண்ணைகளும் காட்சிக்கூடங்களும் பல உண்டு. ஆனால், அந்த மலையை மலையாக்கும் குளிரும், பனிமூட்டமும், காடும், அருவியும், தேயிலைச் சரிவும் சீட்டுக் கேட்பதில்லை. அவற்றைப் பார்க்கத் தெரிந்து போனால் போதும்.

முதலில் வழியைப் பார்ப்போம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறிப்பு எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆனால், அவர் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்தக் காடுகள் ஒராங் அஸ்லி மக்களின் வாழ்விடம். இன்றும் தாப்பாச் சாலையின் ஓரங்களில் செமாய் மக்கள் பெத்தாய், காட்டுத் தேன் முதலியவற்றை விற்பதைக் காணலாம். பிள்ளைகளுக்கு அவர்கள் யார் என்று சொல்லிக் கொடுங்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுப்பது முறையல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதே சாலையில் லாத்தா இஸ்கந்தார் அருவி வருகிறது. பாறைப் படிகளில் வெள்ளை வெளேரென்று இறங்கும் அருவியைச் சாலை ஓரத்திலிருந்தே பார்க்கலாம். வளைந்து வளைந்து செல்லும் சாலையில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வருவது இயல்பு. அரை மணி நேரம் இங்கே இறங்கி நின்றால் வயிறும் அடங்கும், கண்ணும் குளிரும். பாறைகள் வழுக்கும், சிறு பிள்ளைகளின் கையை விட்டுவிடக் கூடாது.

மேலே ஏற ஏறக் குளிர்கிறது. "சூரியனுக்குக் கிட்டே போகிறோமே, ஏன் குளிர்கிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. சூரியன் தரையைச் சூடாக்குகிறது. தரை காற்றைச் சூடாக்குகிறது. அந்தச் சூடான காற்று மேலே ஏறும்போது, அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிந்து, தன் வெப்பத்தை இழக்கிறது. பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் 6 பாகை அளவு வெப்பம் குறையும். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. அதனால் தாப்பாவில் 32 பாகை இருக்கும்போது தானா ராத்தாவில் 23 பாகை அளவில் இருக்கும். ஒரு விலை குறைந்த வெப்பமானி இருந்தால் புறப்படும்போது ஒரு முறை, வழியில் ஒரு முறை, மேலே போனதும் ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளிப் பாடத்தில் படித்ததை அவர்களே கண்டுபிடித்தது போல மகிழ்வார்கள்.

அடுத்து, தேயிலைத் தோட்டங்கள். ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைக்கு மோட்டார் சாலை முழுமை பெற்றது 1930-களின் தொடக்கத்தில்தான். காட்டை வெட்டி, சரிவுகளைச் சீராக்கி, கன்று நட்ட தொழிலாளர்களில் தமிழர்கள் பெருமளவில் இருந்தார்கள். தோட்டத்துக்குள் தமிழ்ப் பள்ளிகள் எழுந்ததும் அவர்கள் பிள்ளைகளுக்காகத்தான். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பலர் வெளிநாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். கையால் கிள்ளுவதற்குப் பதிலாகக் கத்தரியும் இயந்திரமும் பயன்படுகின்றன. ஆனால் அந்தச் சரிவுகளின் ஒழுங்கு, நம் முன்னோர் வியர்வை சிந்தி உருவாக்கியது. பச்சைக் கம்பளம் போல் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தால், பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம்.

தேயிலைச் செடியை அப்படியே வளர விட்டால் மரமாகிவிடும் என்பதைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்துவதால்தான் அது செடியாக இருக்கிறது. நல்ல தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுக்க வேண்டும். பறித்த இலையை வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தி, தரம் பிரித்த பிறகுதான் அது நம் தேநீர்க் குவளைக்கு வருகிறது. சுங்கை பாலாஸ் தோட்டத்துத் தொழிற்சாலையில் இந்த வேலைகளைப் பார்வையாளர்கள் காண வசதி செய்திருக்கிறார்கள். திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் வழக்கம் உண்டு. புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. சில தோட்டங்களில் சரிவுக்குள் இறங்கி நடக்கக் கட்டணம் வாங்குகிறார்கள். கட்டணம் கேட்கும் இடத்தில், சாலையோரம் பாதுகாப்பாக நின்று பார்த்தாலே மனம் நிறையும். வரிசைகளுக்குள் புகுந்து கிளைகளை மிதிப்பது ஒருவர் உழைப்பை மிதிப்பதற்குச் சமம்.

தானா ராத்தாவைச் சுற்றி எண் இடப்பட்ட காட்டுப் பாதைகள் உள்ளன. எல்லாப் பாதைகளும் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. 4-ஆம் எண் பாதை பாரிட் அருவிக்குச் செல்லும் சிறு நடை. 9-ஆம் எண் பாதை ராபின்சன் அருவிப் பக்கம் செல்கிறது. அருவி வரை போய்த் திரும்புவது நடக்கப் பழகிய பிள்ளைகளுக்கு முடியும், அதற்கு அப்பால் சரிவு கடுமையாகும். நடக்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஐந்து வகைப் பாசியைக் கண்டுபிடிக்கட்டும். மூன்று வகைப் பறவைக் குரலைப் பிரித்தறியட்டும். மரத்தின் மேல் வளரும் பெரணியை எண்ணட்டும். குடுவைத் தாவரம் கண்ணில் பட்டால் பேறுதான். பூச்சியைத் தன் குடுவைக்குள் விழச் செய்து உணவாக்கிக்கொள்ளும் அந்தச் செடியை, மலாய்க்காரர்கள் குரங்கின் பானை என்று பொருள்பட அழைக்கிறார்கள். தொடாமல் பார்த்துவிட்டு வரவேண்டும்.

காட்டுக்குள் போகும் முன் ஒரு செய்தியை நினைவில் வைப்போம். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26-ஆம் நாள் தானா ராத்தாவில் தாம் தங்கியிருந்த வீட்டிலிருந்து உலாவச் சென்றார். திரும்பி வரவே இல்லை. பெரும் படையே தேடியும் தடயம் கிடைக்கவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை புதிர்தான். நாம் அஞ்ச வேண்டியதில்லை. எச்சரிக்கையாக இருந்தால் போதும். எந்தப் பாதையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைத் தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். மலையில் பிற்பகலில் மழை பிடிப்பது வழக்கமாகையால், காலையில் பசியாறியதும் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பிவிடுவது நல்லது.

மழை பிடித்த பிற்பகலும் வீணல்ல. பிரிஞ்சாங்கில் வண்ணச் சிற்பங்கள் நிறைந்த தெண்டாயுதபாணி சுவாமி ஆலயம் இருக்கிறது. அதே ஊரில் சாம் போ என்ற சீன புத்த ஆலயமும் உண்டு. இரு ஆலயங்களுக்கும் ஒரே நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, இரு சமயத்தாரின் வழிபாட்டையும் அமைதியாகப் பார்க்கச் சொன்னால், நம் நாட்டைப் பற்றி ஒரு பாடமே நடத்தியது போலாகும். கியா பார்ம் சந்தையில் காய்கறிகளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் இரவுச் சந்தை கூடும். பிள்ளைகளிடம் ஆளுக்கு ஐந்து வெள்ளி கொடுத்து, "இதற்குள் உங்களுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டதையெல்லாம் வாங்கித் தருவதைவிட அந்த ஐந்து வெள்ளி அவர்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

சாப்பாட்டுக்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, சுடுநீர்க் குடுவையில் தேநீர். குளிரில் பசி அதிகம் எடுக்கும். முதல் நாள் பகலுணவை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனால் ஒரு வேளைச் செலவு மிச்சம். தங்க வேண்டியிருந்தால் வார நாள்களில் தங்குங்கள். விடுதிக் கட்டணமும் குறையும், சாலை நெரிசலும் குறையும். குளிராடைக்குப் புதிதாகச் செலவு செய்ய வேண்டாம். இரண்டு சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாலே பகல் குளிருக்குப் போதும்.

நேயர்களே, இவை எல்லாம் இலவசம் என்று சொன்னோம். ஆனால், இலவசமாகக் கிடைப்பதற்கும் ஒருவர் விலை கொடுக்கத்தான் செய்கிறார். மலை உச்சியில் பாசி படர்ந்த காடு இருக்கிறது. அது மேகத்திலிருந்து ஈரத்தைப் பிடித்து, பஞ்சு போல் தாங்கி வைத்து, சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகிறது. பெர்த்தாம், தெலோம், லெமோய் ஆறுகள் இந்த மலையின் கொடை. பெர்த்தாம் ஆற்றை மறித்து ரிங்லெட்டில் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணை 1963-இல் முடிந்தது. சாலையோரம் அந்த ஏரியைக் காணும்போது அதன் நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பாருங்கள். மேலே காட்டை வெட்டிச் சரிவைத் திறந்து போட்டதால், மழை மண்ணை அரித்து வந்து ஏரியில் சேர்க்கிறது. குப்பையும் உடன் வருகிறது. மண் நிறைந்தால் ஏரி கொள்ளும் நீர் குறைகிறது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பாரிட் அருவிக்குப் போனாலும் இதே பாடம்தான்: பார்ப்பதற்கு அழகு, ஆனால் நகரத்துக் கழிவுநீர் கலந்து வருவதால் இறங்கிக் குளிக்கத் தகாதது.

நாம் வீசும் ஒரு நெகிழிப் பை மட்டும் இவ்வளவையும் செய்துவிடவில்லை. ஆனால் மலைக்கு வரும் ஒவ்வொருவரும் "என் ஒரு பைதானே" என்று நினைத்தால், ஓடை என்ன செய்யும்? ஆகவே, ஒரு பழக்கத்தைக் கைக்கொள்வோம். புறப்படும்போது வெறும் பை ஒன்றை எடுத்துச் செல்வோம். நம் குப்பையை அதில் போட்டு, தொட்டி இருக்கும் இடம் வரை சுமந்து வருவோம். வழியில் கிடக்கும் இரண்டு புட்டிகளையும் பிள்ளைகள் எடுத்துப் போட்டால், அதுவே அவர்கள் மலைக்குச் செலுத்தும் நுழைவுக் கட்டணம்.

அடுத்த விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றிரவே குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். போக வர எண்ணெய்ச் செலவு, ஓரிரவு தங்கும் செலவு, சந்தைச் செலவு. மற்றதெல்லாம் மலை தரும். பிள்ளைகள் கையைப் பிடித்து நடக்கும் வயதில் இருக்கும்போதே அவர்களை அழைத்துச் சென்றுவிடுங்கள்.