பெட்டிக்குள்ள இருக்கிற டிஸ்சார்ஜ் புத்தகம்

(கூட்டமைப்பின் கொடிநாள் கூட்டத்தில் பேசியது)



1949-லிருந்து டிசம்பர் 7 கொடிநாள். உண்டியலில் காசு போடுறோம், பெரியவங்களுக்குச் சால்வை போர்த்துறோம். பட்டு நெய்கிற ஆரணியில் அதுக்குப் பஞ்சமா?

இரண்டாம் உலகப் போரில் நம்ம நாட்டிலிருந்து 25 லட்சம் பேர் பட்டாளத்தில் இருந்தாங்க. பக்கத்து வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை இன்றும் பட்டாளத்து ஊர் என்றுதான் சொல்வாங்க. பர்மா காட்டில் மலேரியாவோடு மல்லுக்கட்டினவங்களில் பெரும்பாலோரை, 1945-ல் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 15 வருஷ சர்வீஸ் இல்லாததால் பென்ஷன் கிடையாது. பழையபடி தறிக்கும் ஏருக்கும் போனாங்க. அவங்களுக்கும், அவங்க மறைந்தால் மனைவிக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை தருது. தெரியாத பாட்டி உங்க தெருவிலேயே இருக்கலாம், கேளுங்க.

1965, 1971 போருக்குப் போனவங்களும் எழுபதைத் தாண்டிட்டாங்க. அவங்க டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. மனைவி பேரு அதில் ஒண்ணு, ஆதாரில் ஒண்ணு என்றால் குடும்ப பென்ஷன் இழுபறிதான். அவர் இருக்கும்போதே திருத்தணும். அப்புறம் அலையப்போறது அந்தம்மாதான். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் திருவண்ணாமலையில் இருக்கு. குழுவில் படிச்சவங்க ஒருத்தர் கூடப் போயிட்டு வாங்க.