கடவுளாக்கப்பட்ட அரசனும் பலியான குழந்தைகளும்

(இளைஞர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், யுத்த காலத்தில் கொடுங்கோல் சர்க்காரின் கீழ் வளர்ந்த குழந்தைகளின் கதியைப் பற்றியதாகும். இதற்கு உதாரணமாக 1945-க்கு முந்திய ஜப்பானை எடுத்துக் கொள்ளுகிறோம். ஏனென்றால், ஜனங்களுக்குப் படிப்பில்லாததால்தான் மூடநம்பிக்கை இருக்கிறது, எல்லோருக்கும் நாலெழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அது தானே ஓடிப்போகும் என்று நம்மில் பலர் கருதிக் கொண்டிருக்கிறார்கள். ஜப்பானிலோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 100-க்கு 90 பிள்ளைகளுக்குமேல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தார்கள். அங்கு ஓடிப்போனது மூடநம்பிக்கையா? இல்லை. அந்தப் பள்ளிக்கூடமே மூடநம்பிக்கையின் கோயிலாக ஆக்கப்பட்டது.

எப்படி என்று கேட்பீர்கள். 1890 அக்டோபர் 30-ந் தேதி சக்கரவர்த்தியின் பேரால் கல்வியைப் பற்றி ஒரு கட்டளை வெளியிடப்பட்டது. பெற்றோருக்கு அடங்கு, சட்டத்துக்கு அடங்கு, ஆபத்துக் காலத்தில் அரசுக்காக உன்னையே கொடு என்பது அதன் கருத்து. இந்தக் கட்டளையும் சக்கரவர்த்தியின் படமும் பள்ளிக்கூடந்தோறும் பூஜைப் பொருளாயின. பிற்காலத்தில் இவற்றுக்கென்றே தனி மண்டபம் கட்டி, பிள்ளைகள் அதைக் கடக்கும்போதெல்லாம் தலை குனிய வேண்டுமென்று விதித்தார்கள். பள்ளிக்கூடம் தீப்பற்றியபோது அந்தப் படத்தைக் காப்பாற்ற உள்ளே ஓடிச் செத்த தலைமை உபாத்தியாயர்கள் உண்டு. அவர்களைத் தியாகிகள் என்று புகழ்ந்தார்கள். காகிதத்துக்கு மனிதன் காவலா, மனிதனுக்குக் காகிதம் காவலா என்று கேட்க அங்கே ஆளில்லை.

கேட்டவர்கள் என்ன ஆனார்கள்? 1891-இல் உச்சிமுரா கான்சோ என்ற உபாத்தியாயர் அந்தக் கட்டளையின் முன் போதிய அளவு குனியவில்லை என்பதற்காக வேலையை இழந்தார். ஜப்பானின் முதல் சக்கரவர்த்தி சூரிய தேவதையின் வமிசம், கி.மு. 660-இல் பட்டத்துக்கு வந்தார் என்பதைச் சரித்திரமாகவே பிள்ளைகளுக்குப் போதித்தார்கள். 1940-இல் அதற்கு 2,600-வது ஆண்டு விழாவும் கொண்டாடினார்கள். அதே 1940-இல், இந்தப் பழங்கதைகளைச் சரித்திரமாகக் கொள்ள முடியாது என்று ஆராய்ந்து எழுதிய சுதா சோக்கிச்சி என்ற சரித்திர ஆசிரியரின் புத்தகங்களைத் தடுத்து, அவர்மீது வழக்கும் தொடுத்தார்கள். புராணம் சரித்திரமாகும் நாட்டில் சரித்திரம் குற்றமாகாமல் வேறென்ன ஆகும்?

1941-இல் ஆரம்பப் பள்ளிகளுக்குத் தேசியப் பள்ளிகள் என்று பெயர் மாற்றி, யுத்தத்துக்கு ஏற்ற பிரஜைகளைத் தயாரிக்கும் பட்டறைகளாக்கினார்கள். ஜப்பானின் பிடியிலிருந்த கொரியாவின் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியையும் பள்ளிக்கு வெளியே விட்டுவர வேண்டியதாயிற்று. 1942-க்குப் பின் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிப் பிள்ளைகள் டோக்கியோ இருக்கும் திசையை நோக்கிக் குனிய வைக்கப்பட்டார்கள். அவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

தோழர்களே! இவ்வளவு பக்தி செய்த பிள்ளைகளுக்குக் கிடைத்த பலன் என்ன? 13-ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த மங்கோலியரின் கப்பல்களைத் தெய்வக் காற்று கவிழ்த்தது, இப்போதும் அப்படியே கவிழ்க்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. காற்று வரவில்லை, குண்டுகள்தான் வந்தன. 1944-இல் நகரத்துப் பிள்ளைகளை லட்சக்கணக்கில் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கிராமத்துக் கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் அனுப்பினார்கள். அங்கே அவர்களை வாட்டியது பசி. பள்ளிப் பெண்களைக் கொண்டு கடல் கடந்து போகும் வெடிகுண்டுப் பலூன்களுக்குக் காகிதம் ஒட்ட வைத்தார்கள். 1944 ஆகஸ்டு 22-ந் தேதி, ஓக்கினாவாவிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வந்த சுஷிமா மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. 700-க்கு மேற்பட்ட பள்ளிக் குழந்தைகள் மாண்டார்கள். சர்க்கார் செய்ததென்ன? தப்பிப் பிழைத்தவர்கள் அதைப்பற்றி வாய் திறக்கக் கூடாதென்று உத்தரவு போட்டது! குழந்தையைச் சாகக் கொடுத்த தாய் அழுவதுகூட ராஜத் துரோகமாயிற்று.

1945 மார்ச்சில், ஆறாம் வகுப்பை முடித்துக் கொள்ள டோக்கியோவுக்குத் திரும்பியிருந்த பிள்ளைகள் பலர், 9-ந் தேதி நள்ளிரவு கடந்து விழுந்த நெருப்புக் குண்டுகளில் வெந்தார்கள். ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவில், நெருப்புப் பரவாமலிருக்க வீடுகளை இடித்து ஒதுக்கும் வேலைக்குத் தெருவில் நிறுத்தப்பட்டிருந்த 12, 13 வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அணுகுண்டுக்கு இரையானார்கள். குண்டு போட்டவனை நாம் மன்னிக்கவில்லை. குழந்தைமேல் குண்டு போடுகிறவன் எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் கொலைகாரன்தான். ஆனால் அந்தக் குழந்தையைக் குண்டு விழும் தெருவில் நிறுத்தியது எது என்றும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

பிறகு நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். 1945 ஆகஸ்டு 15-ந் தேதி ஜனங்கள் முதல் தடவையாகச் சக்கரவர்த்தியின் குரலை ரேடியோவில் கேட்டார்கள். அவர் பேசிய அரண்மனை பாஷை பெரும்பாலோருக்கு விளங்கவில்லை. தங்கள் கடவுள் பேசியது என்னவென்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுத் தெரிந்து கொண்டார்கள். சில வாரங்களில், நேற்றுவரை மனப்பாடம் செய்த பாடங்களை மை தடவி அழிக்கும்படி பிள்ளைகளுக்கு உத்தரவாயிற்று. உத்தரவு கொடுத்தவர்கள் யார்? அந்தப் பாடங்களைப் பிரம்போடு நின்று படிக்க வைத்த அதே உபாத்தியாயர்கள்! 1946 ஜனவரி 1-ந் தேதி, தாம் கண்கண்ட தெய்வம் என்பது கற்பனை என்று சக்கரவர்த்தியே அறிவித்து விட்டார். கடவுள் ராஜிநாமா செய்துவிட்டார். செத்த குழந்தைகள் திரும்பி வந்தார்களா?

இதைக் கேட்டுவிட்டு, பக்தியும் பணிவும் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்று சிலர் கேட்கலாம். அந்தப் பிள்ளைகளிடம் ஒழுக்கத்துக்கு ஒரு குறைவும் இல்லை. வரிசையாக நின்றார்கள், சொன்னதைச் செய்தார்கள், சாகச் சொன்னபோது செத்தார்கள். அவர்களுக்கு இல்லாமற் செய்யப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது ஏன் என்று கேட்கும் உரிமை.

இதை உணர்ந்த உபாத்தியாயர்களும் உண்டு. இனி ஒருபோதும் நம் மாணவர்களை யுத்தகளத்துக்கு அனுப்பமாட்டோம் என்று ஜப்பானிய ஆசிரியர் சங்கம் 1951-இல் உறுதி செய்து கொண்டது. காலங்கடந்த புத்தியானாலும் நல்ல புத்தி.

ஆகவே தாய்மார்களே, தோழர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டோம், நம் கடமை தீர்ந்தது என்று இருந்து விடாதீர்கள். படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு. இன்று மாலை உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், என்ன படித்தாய் என்று கேட்பதோடு, என்ன கேள்வி கேட்டாய் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்காக அவனை யாராவது அடித்திருந்தால், அடி வாங்கிய பிள்ளையின் பக்கம் நில்லுங்கள். அவளாயிருந்தால் இரண்டு மடங்கு நில்லுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் அறிவில் போட்டுப் பார்த்துச் சரியென்று பட்டதைக் கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.